ரத்னாவுக்கு மெட்ராஸ் ஐ என்றார்கள்

ரத்னாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு வாய் வராது. கெட்டதாகச் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்லுவேன். ஆனால் அவள் கண் கெட்ட கதையை இந்தச் சந்தில் ஆளுக்கொரு விதமாகத் திரித்துச் சொல்லிக்கொண்டு அலைகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் திட்டுவதென்றால் நான் திட்டிக்கொள்கிறேன். இவர்களுக்கு என்ன வந்தது?

என் பெயர் அஃப்சருன்னிசா. தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே என் தையல் மெஷின் இருக்கிறது. ஜாக்கெட் பிரித்துத் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் வைப்பேன், சுடிதார் நீளம் குறைப்பேன். நானும் மெஷினும் போக ஒரு ஸ்டூல் போட இடமிருக்கும், அவ்வளவுதான். அந்தப் படிக்கு நேர் முன்னால், என் மூக்குக்கு நேராக, ரத்னாவின் பஜ்ஜி வண்டி.

துணி இருக்கிற இடத்தில் எண்ணெய்ச் சட்டி வைப்பார்களா? நீங்களே சொல்லுங்கள். கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ஜாக்கெட்டில் மிளகாய் பஜ்ஜி வாசனை வீசும். வாடிக்கைக்காரி மோந்து பார்த்துவிட்டு என்னை முறைப்பாள். நான் ரத்னாவை முறைப்பேன். அவள் கரண்டியைச் சட்டியில் வேண்டுமென்றே டங்கென்று தட்டுவாள். "துணி நாறுதுன்னா உன் வூட்ல குந்திகினு தையி பாயம்மா. ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" அவள் என்னிடம் முதல் முதலாகப் பேசிய பேச்சே இதுதான். நான் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். சும்மா விடுவேனா? அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் நடக்கிறது.

ரத்னா பிறந்தது அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம். வெள்ளம் வந்து குடிசை போனது. அதற்குப் பிறகு பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிழைப்பு இங்கே, படுக்கை அங்கே. தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். புருஷன் தங்கவேல் ஆட்டோ ஓட்டுகிறான். நல்லவன்தான், ஆனால் எதையும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஒத்திப்போடுகிற ரகம். இருக்கிற கோபத்தையெல்லாம் அந்த வீட்டில் ரத்னாதான் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். வாங்க வருகிறவனிடமும் எரிந்து விழுவாள். சட்னி கொஞ்சம் சேர்த்துக் கேட்டவனை அவன் பரம்பரையோடு விசாரிப்பாள். இருந்தும் அவள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். பஜ்ஜி அப்படி இருக்கும். சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

அவள் புடவைக்கு மேல் தங்கவேலின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பாள். முழுக்கை. மணிக்கட்டு வரை பட்டன். சித்திரை வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்றாலும் அந்தப் பட்டன் கழன்றதில்லை. தலையில் இறுக்கி ஒரு துணி. எண்ணெய் தெறிக்காமல் இருக்க என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. ஒரு நாள் அங்கே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை முழுக்கச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். என்னைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அதே வாரம் எங்களுக்குள் பெரிய சண்டை. சந்தே கேட்கிற மாதிரி நான் சொன்னேன், சொறி பிடித்த கையால் மாவு கரைக்கிறாள், தின்கிறவர்களெல்லாம் தின்னுங்கள் என்று. சண்டை என்றால் வாயில் என்ன பூவா வரும்? கையில் பஜ்ஜியோடு நின்ற இரண்டு பேர் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். ரத்னா அவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். மறுநாள் வண்டியை அரைவட்டம் திருப்பி, புகை முழுக்க என் முகத்துக்கு வருகிற மாதிரி நிறுத்தினாள். அதற்கப்புறம் அந்தச் சட்டைக் கை ஒரு விரற்கடை கூட மேலே ஏறவில்லை.

கையில் மட்டும் கோளாறு இல்லை. வலது கையில் இரண்டு விரல்கள் அடியிலிருந்து நுனி வரை கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கும். வந்தவுடனே கத்தி பிடிக்க வராது. கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் கையைக் காட்டிக் காட்டி விரலை மடக்கிப் பழக்கிய பிறகுதான் வாழைக்காய் சீவுவாள். குதிகாலை ஊன்ற முடியாமல் ஒருக்களித்து நிற்பாள். வயசாகிறது, நாள் முழுக்க நின்றால் வலிக்காதா என்று நான்கூட நினைத்தேன். தோலுக்கு ஒரு இடத்தில் காட்டிக் களிம்பு வாங்கியிருக்கிறாள், விரலுக்கு வேறொரு இடத்தில் காட்டி வலி மாத்திரை வாங்கியிருக்கிறாள். தோல் டாக்டரிடம் விரலைப் பற்றி மூச்சு விடவில்லை. எலும்பு டாக்டரிடம் சட்டைக் கையைத் தூக்கவில்லை. இதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், அவர் அதைக் கேட்கவேயில்லை, நான் எதற்குச் சொல்லணும் என்கிறாள். அப்படி ஒரு கொழுப்பு.

போன ஐப்பசி மழையில் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. எங்கள் சந்தில் ஒன்றுவிட்டு ஒரு கடையில் கறுப்புக் கண்ணாடி. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கண் சிவந்தவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். கையாலும் துண்டாலும்தான் பரவும், பார்வையால் பரவாது என்று டாக்டர்கள் தொண்டை வறளக் கத்துகிறார்கள். யார் கேட்கிறார்கள்? சிவந்தவன் மரியாதையாகக் கண்ணாடி மாட்டிக்கொள்வான், மற்றவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வான். இத்தனை வருஷமாக இப்படித்தான்.

ரத்னாவும் ஒரு நாள் கண்ணாடியோடு வந்தாள். கேட்பானேன், மெட்ராஸ் ஐதான் என்று சந்து முடிவு கட்டிவிட்டது. பஜ்ஜி வாங்க வந்தவர்கள் வேறு வண்டிக்குப் போனார்கள். முனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற செந்தில்குமாரிடம் போய் நின்றாள். அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொட்டு மருந்துக் குப்பியை விரல் நுனியால் தள்ளிவிட்டானாம். வீட்டில் தங்கவேல் அவள் தட்டைத் தனியாக வைத்துவிட்டு ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டான். அவனுக்கு ஒட்டிவிட்டால் சவாரி போய்விடுமாம். ஒருத்தராவது அந்தக் கண்ணாடியைக் கழற்று, என்னவென்று பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் வாரத்துக்குள் தெளிந்துவிட்டது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரத்னா மட்டும் கழற்றவில்லை. செந்தில்குமார் இரண்டாவது குப்பியையும் தள்ளிவிட்டான். அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் மெஷின் விளக்கைப் போட்டால், "லைட்ட அணைச்சித் தொலை" என்று கத்துவாள். விளக்கை அணைத்துவிட்டு நான் எதை வைத்துத் தைப்பது? வேண்டுமென்றே வம்பு வளர்க்கிறாள் என்று நினைத்து விளக்கை அவள் பக்கமே திருப்பி வைத்தேன்.

பிறகுதான் அந்த ஜாக்கெட் விஷயம் வந்தது. கோபாலபுரத்திலிருந்து வருகிற வாடிக்கைக்காரி, மறுநாள் வீட்டுக் கல்யாணம். மாம்பழ நிறத்தில் பட்டு, கையில் மட்டும் சரிகை. முடித்துப் படிக்கம்பியில் மாட்டியிருந்தேன். ரத்னா முதல் ஈடு போட மாவில் தோய்த்த வாழைக்காயைக் கொண்டுபோனவள் சட்டிக்குள் விடவில்லை, சட்டியின் விளிம்பில் விட்டாள். பதறிக் கையை இழுத்ததில் கரண்டி சட்டியில் விழுந்து எண்ணெய் எகிறியது. நல்ல வேளை, மனுஷர் மேல் படவில்லை. ஜாக்கெட்டின் வலது கையில் பெரிய கறை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்ததே நான்தான். சந்து கேட்கக் கத்தினேன். அவள் அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை திட்டு திட்டுகிறேன், என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சட்டையைப் பிடித்துப் படிக்குக் கீழே இழுத்து வந்து, மெஷின் விளக்குக்கு நேராக நிறுத்தி, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தேன்.

"என் கண்ணப் பாத்துப் பேசுடி."

அவள் பார்க்கவில்லை. வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளித்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கையை விலக்கினேன். எனக்கும் மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது, என் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. பீளை தள்ளி இமை ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவளுக்குப் பீளையும் இல்லை, வீக்கமும் இல்லை. இடது கண் சுத்தமாக இருந்தது. வலது கண்ணில் மட்டும் கருவிழியைச் சுற்றி ரத்தச் சிவப்பாக ஒரு வளையம். நடுவில் இருக்கிற பாப்பா வட்டமாக இல்லை. புதிதாகப் பழகுகிறவள் எடுத்த பட்டன் காஜா மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இது என்ன கண்? ஜாக்கெட்டைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னால் பிடித்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கறை எங்கே என்று காட்டச் சொன்னேன். விரலை எங்கேயோ வைத்தாள்.

"தெர்ல பாயம்மா. ஒரே புகையாட்டம் கீது."

அடுப்பைத்தான் நான் அணைத்திருந்தேனே. புகை ஏது?

எனக்கு அவள் மேல் பாசம் பொங்கி வழிந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றெரிச்சல். இத்தனை பேர் இருக்கிற சந்து, கட்டின புருஷன், மருந்து கொடுத்தவன், ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்கிற வயிற்றெரிச்சல். தங்கவேலுக்கு ஃபோன் போட்டேன். அவனுக்குத் தெரிந்த பதிலைச் சொன்னான். ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம். அவனை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மெஷினை மூடிப் பூட்டினேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சாயங்காலமும் கண் பார்ப்பார்கள். வரமாட்டேன் என்று அவள் மல்லுக்கு நின்றாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றினேன். பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களைச் சுற்றி இடம் காலியானது. அந்த வகையில் சௌகரியமாக உட்கார்ந்து போனோம்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதை. சீட்டுப் போடுகிற பையன் சிவப்பைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மெட்ராஸ் ஐக்கு அந்தப் பக்கம் வரிசை, சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றான். ரத்னா அந்த வரிசைக்கே கிளம்பிவிட்டாள். விட்டேனா? அவனிடம் கேட்டேன், கண்ணைத் திறந்து பார்த்தாயா, பார்க்காமலே மருந்து கொடுக்கத்தான் எங்கள் சந்தில் செந்தில்குமார் இருக்கிறானே, இங்கே எதற்குப் பஸ் பிடித்து வர வேண்டும் என்று. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரே வந்தாள். ஷண்முகப்ரியா என்று பெயர், சின்ன வயசு. என்னை அடக்குவதற்காகத்தான் எங்களை உள்ளே கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் விட்டு வெகுநேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. இது மெட்ராஸ் ஐயே இல்லை, கண்ணுக்கு உள்ளே அழற்சி என்றாள். உள்ளே புண்ணாகிப் பாப்பா பின்னாலிருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் விட்டிருந்தால் பார்வை மொத்தமாகப் போயிருக்கும். இது சும்மா வராது, பல பேருக்கு உடம்பில் வேறு ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு ரத்னாவிடம் கேட்டாள். மூட்டு வலி உண்டா? தோலில் செதில் மாதிரி ஏதாவது உண்டா?

ரத்னா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு கண்ணால்தான். பிறகு டாக்டரிடம், "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள்.

எனக்குப் புரிந்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன். நாளைக்கு நான் சந்தில் போய்ச் சொல்லுவேன், இருக்கிற நாலு பேரும் வண்டிப் பக்கம் வரமாட்டார்கள். கண் போனாலும் பரவாயில்லை, வண்டி போகக்கூடாது என்று நிற்கிறாள். டாக்டர் சரி என்று ஏதோ எழுதப் போனாள்.

"பொய் சொல்றா டாக்டர்," என்றேன். "சட்டக் கையத் தூக்கிப் பாருங்க."

தூக்கியதும் நான்தான். ரத்னா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தை ஒன்றும் சொன்னாள். பட்டன் தெறித்து எங்கோ போனது. முழங்கை வெளியே வந்தது.

டாக்டர் முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, செதிலைத் தடவிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நகத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். நகமெல்லாம் குண்டூசியால் குத்தின மாதிரி பொடிப் புள்ளி. செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைத் தொட்டதும் ரத்னா துள்ளினாள். ரத்னாவின் தோலை அப்படி யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. அவளே பார்த்திருக்கமாட்டாள் போல. என்னை அடித்த கை அப்படியே மடியில் கிடந்தது.

"இது ஒட்டுற வியாதியே இல்லம்மா," என்றாள் டாக்டர். "தோலு, மூட்டு, கண்ணு, மூணும் ஒரே நோய்தான்."

சொரியாசிஸ் என்றாள். அது மூட்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. இந்த மூட்டு நோய் உள்ளவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள்ளும் வரும். தோலை ஒரு இடத்தில், விரலை ஒரு இடத்தில், கண்ணை மருந்துக்கடையில் என்று தனித்தனியாகக் காட்டினால் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றாள். அழற்சி அடங்க ஒரு சொட்டு, பாப்பாவை விரித்து ஒட்டினதைப் பிரிக்க ஒரு சொட்டு கொடுத்தாள். மூட்டு டாக்டரை உடனே பார்க்கச் சொல்லிச் சீட்டும் எழுதினாள். முதலிலேயே வந்திருந்தால் முழுசாகப் பிரிந்திருக்கும், இப்போது எவ்வளவு பிரியும் என்று சொல்ல முடியாது என்றாள்.

திரும்பி வரும்போது ரத்னா பஸ்ஸில் என்னோடு உட்காரவில்லை. சட்டைக் கை பட்டன் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த ஜாக்கெட்டுக்கு, மிச்சமிருந்த துணியில் வேறு கை வெட்டி, சரிகையை மாற்றி வைத்து விடிவதற்குள் முடித்தேன். அதற்கு அவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வலது கண்ணில் பார்வை பெருமளவு திரும்பியது. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் பிரியவே இல்லை. இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் அந்தக் கோணல் காஜா தெரியும். கீழ்ப்பக்கம் கொஞ்சம் மங்கல்தான் என்கிறாள். மூட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையில் விரல் வீக்கம் வடிந்தது. செதிலும் பாதி உதிர்ந்தது. நான் சந்தில் ஒவ்வொரு கடையாகப் போய், அது ஒட்டாது, ஒட்டும் என்று எவனாவது சொன்னால் வாயைத் தைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். செந்தில்குமாருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். ரத்னா அதற்கும் சண்டைக்கு வந்தாள். என் வியாதியைத் தண்டோரா போட நீ யார் என்றாள். வண்டியை மட்டும் பழையபடி நேராக நிறுத்திவிட்டாள். புகை இப்போது தெருப்பக்கம் போகிறது. முழுக்கைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. தெறித்த பட்டனுக்குப் பதில் ஒரு ஊக்கைக் குத்திவைத்திருக்கிறாள், என்னிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் தைத்துத் தருவேன், கொடுக்கமாட்டாள்.

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். இது திரும்பவும் வரும், எந்தக் கண்ணில் வேண்டுமானாலும் வரும். சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். வீட்டில் யாராவது தினமும் வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்க வேண்டும். ரத்னா தங்கவேலைப் பார்க்கச் சொன்னாளாம். அவன் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு பார்க்கிறானாம். எவ்வளவு சொன்னாலும் அவனுக்குப் பயம் போகவில்லை.

அதனால் இப்போதெல்லாம் அவள் வந்ததும் முதல் வேலையாக என் படிக்குக் கீழே வந்து நிற்கிறாள். நான் மெஷின் விளக்கை அவள் பக்கம் திருப்புவேன். அவள் என்னை முறைப்பாள், நான் அவளை முறைப்பேன். முறைத்துக்கொண்டே, உன் வண்டிப் பெஞ்சை என் இடத்தில் போட்டிருக்கிறாய் என்பேன், உன் துணிக்குப்பை என் மாவில் விழுகிறது என்பாள். பார்த்து முடித்ததும் அவரவர் வேலைக்குப் போவோம். சந்தில் இருக்கிறவர்களுக்கு இதுவும் சண்டைதான்.

பங்குனியில் ஒரு நாள் அப்படித்தான் வந்து நின்றாள். வலது கண் சுத்தமாக இருந்தது. இடது கண்ணில், கருவிழியின் ஓரத்தில், நூல் பிடித்த மாதிரி மெல்லிய சிவப்பு. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இது அவளுடைய நல்ல கண்.

"இன்னா?" என்றாள்.

"கெளம்பு," என்றேன்.

எண்ணெய் இப்போதுதான் காய்கிறது, கரைத்த மாவு வீணாகும் என்று அவள் எதுவும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள், சட்டியை மூடினாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவள் இப்படி வம்பிழுக்காமல் வந்தது எனக்குத்தான் பயமாக இருந்தது.

அன்றைக்கு ஷண்முகப்ரியா இல்லை. வேறொரு டாக்டர், வயசானவர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து என்ன என்று கேட்பதற்குள் ரத்னா ஊக்கைக் கழற்றினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி கையை அந்த மேசையின் மேல் நீட்டி வைத்தாள்.

"தோலு, மூட்டு, கண்ணு, மூணும் ஒண்ணுதான் டாக்டர். ஒட்டாது. நல்லாப் பாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கென்ன இங்கே வேடிக்கை, வெளியே போய்க் குந்து என்றாள். நான் போகவில்லை.